மதுரை மொட்டைமாடியில் ஒரு திருச்சிக்காரன்

மேற்குக் கோபுரம் இருக்கிறது. இருப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். லாட்ஜின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி நிற்கிறேன், மாலை வெயில் முதுகில் விழுகிறது, அதே வெயில்தான் எதிரே அந்தக் கோபுரத்தின் மேலும் விழுகிறது, அதனால் அது சிரமமில்லாமல் கிடைத்துவிட்டது, கீழே அகன்று மேலே குறுகிய ஒரு திட்டு, ஓரங்கள் மட்டும் தண்ணீரில் ஊறிய காகிதம் மாதிரி கலங்கி நிற்கின்றன. இன்னும் மூன்று. வடக்கு இடது கைப் பக்கம், தெற்கு வலது கைப் பக்கம், கிழக்கு இந்த மேற்குக்கு நேர் பின்னால். நான்கையும் என் கண்ணாலேயே, யாரையும் கேட்காமல், கண்டுபிடித்துவிட்டால் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். எனக்கும் எனக்கும் நடுவில் உள்ள ஏற்பாடு. மகள் கயலுக்குத் தெரியாது. அவள் கீழே அறையில் கோயம்புத்தூரில் இருக்கிற மாப்பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள், இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள், நாளைக் காலை என்னைச் சேர்த்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று கேட்பார்கள், அப்போது நான் ஒரு சொல் சொல்ல வேண்டும். திருச்சி டாக்டர் வேண்டாம் என்றார். நரம்பு நூலாக மெலிந்திருக்கிறது பெரியவரே, கத்தி வைத்தால் இருப்பதும் போய்விடலாம், வெளிச்சம் இருக்கிற மட்டும் ஓட்டுங்கள் என்றார். மதுரை டாக்டரம்மா செய்யலாம் என்றார், செய்யாவிட்டால் புரை முற்றி அடுத்த வருஷத்துக்குள் நிழல்தான் மிஞ்சும், செய்தால் தெளிவாக வரத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் போகாது என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். ஒரே கண், இரண்டு ஊர், இரண்டு பேச்சு. இடது கண் எப்போதோ போய்விட்டது. வலதுதான் நான்.

திருச்சிக்காரன் மதுரைப் பேச்சைக் கேட்கலாமா. தெய்வானை இருந்திருந்தால் இதற்கே ஒரு வாரம் சிரித்திருப்பாள். அவள் திருப்பரங்குன்றத்தில் பேர் வைக்கப்பட்டு சிம்மக்கல்லில் வளர்ந்தவள், நான் மலைக்கோட்டைச் சாமியின் பேரைச் சுமந்துகொண்டு பாலக்கரையில் வளர்ந்தவன், தாயுமானவன் என்று கல்யாணப் பத்திரிகையில் பார்த்துவிட்டு பேரிலேயே ஊரைத் தூக்கிக்கொண்டு திரிகிற ஆள் என்று தன் அக்காவிடம் சொன்னாளாம். மறுவீட்டுக்கு இங்கே வந்தபோது காப்பி கொடுப்பதற்கு முன்னால் மாடிக்குக் கூட்டிப்போனாள், அது மேற்கு, அது வடக்கு, அந்தா தெற்கு, எல்லாத்துலயும் அதுதான் ஒசரம், பின்னாடி எட்டிப் பார்க்குது பாருங்க அது கிழக்கு என்று பெரியப்பா சித்தப்பாவை அறிமுகம் செய்வது மாதிரி நான்கையும் அறிமுகம் செய்தாள். நான் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் மலையே இருக்கிறது, இதெல்லாம் மனிதன் கட்டியதுதானே என்றேன். அன்றைக்குப் பிடித்தது இந்த ஊர்ச் சண்டை. அவள் சொன்னாள், ஒங்க ஊருல ஒரு கல்லு கெடக்கு, அது மேல ஒரு பிள்ளையார ஏத்தி வச்சிருக்கீக, அதப் போயி ஊருங்கிறீக. நான் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை இழுத்தேன், அப்போது அது எழும்பிக்கொண்டிருந்த காலம், நான் தளம் போடப்போகிற வீடுகளின் மாடியிலிருந்து ஒவ்வொரு நிலையாக ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடும்போது அவளிடம் சொல்வேன், முடிந்த அன்றைக்கு இனிமேல் உயரத்தில் எங்கள் ஊரை அடிக்க ஆளில்லை என்றேன், அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, அது நான் வந்த பெறகு ஒங்க ஊருக்கு வந்த மருமக, என்னையவிடச் சின்னவ, மூத்தவக முன்னாடி ஒசரத்தப் பத்திப் பேசப்பிடாது என்றாள். மதுரை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தன் ஊரைத் தானே பார்த்துச் சொல்லக்கூடாது, அடுத்தவர் வாயால் வர வேண்டும். திருச்சி நெருங்கும்போது மலைக்கோட்டை தலை தூக்கும், எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிடும், சொல்லக்கூடாது, அவள்தான் சொல்ல வேண்டும், அவளோ ஜன்னலுக்கு வெளியே அந்தப் பக்கத்து வயலில் மேய்கிற ஆட்டை எண்ணிக்கொண்டிருப்பாள். மதுரைக்குள் நுழையும்போது என் முறை, ஆனைமலை தாண்டி எங்கேயோ இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் கோபுரம் ஒரு கணம் தெரிந்து மறையும், அவள் முழங்கையால் என்னை இடிப்பாள், நான் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்பேன். இப்படியே இறங்கிவிடுவோம். இவ்வளவு வருஷத்தில் ஒரு தடவைகூட இருவரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இன்று மத்தியானம் அதே வழியில் வந்தேன், பக்கத்தில் கயல், முழங்கை இடிக்கவில்லை, நான் தேடினேன், முதல் முறையாக நானாகவே தேடினேன், ஜன்னல் முழுவதும் வெள்ளையாகப் பால் கொட்டிய மாதிரி வெயில், ஒன்றும் கிடைக்கவில்லை.

வடக்கு. இடது பக்கம் திரும்ப வேண்டும், இடது பக்கம் திரும்பினால் மூக்கு குறுக்கே வருகிறது, தலையை முழுசாகத் திருப்பினால்தான் வலது கண் அங்கே போய்ச் சேரும். தண்ணீர்த் தொட்டிகள். கறுப்புத் தொட்டி, கறுப்புத் தொட்டி, இன்னொன்று வெள்ளை. செல்போன் கம்பம், சிவப்பு வெள்ளைப் பட்டைகள் ஒன்றாகக் கரைந்து ரோஸ் நிறமாக நிற்கிறது. மாடியின் உயரத்திலிருந்து பார்த்தால் எல்லா ஊரும் முதலில் தொட்டிகள்தான். நான் மாடிக்குத் தட்டை ஓடு பதித்துத் தளம் போட்டே பிழைத்தவன், வாழ்நாளில் பாதி மற்றவர்களுடைய மொட்டைமாடிகளில் கழிந்தது, ஊர்களை நான் தெரு வழியாகப் பார்த்ததைவிடத் தலை வழியாகப் பார்த்ததுதான் அதிகம். கோயம்புத்தூருக்கு இருபுறமும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன, ஆனாலும் மேற்கே திரும்பினால் மலை இவை எல்லாவற்றையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும், அந்த ஊர் எவ்வளவு உயரக் கட்டினாலும் குழந்தை நாற்காலி மேல் ஏறி நிற்கிற மாதிரிதான். கயலின் வீடு பதினோராவது மாடியில், அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள். சேலம் ஒரு தட்டு, சுற்றிலும் மலை விளிம்பு, நடுவில் ஊரைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். திருச்சி அப்படி இல்லை, மைதானம் மாதிரி கிடக்கிற ஊரில் நடுவில் ஒரே ஒரு பாறை எழுந்து உட்கார்ந்திருக்கிறது, எந்த மாடியில் ஏறினாலும் முதலில் அதைத் தேடிப் பார்த்துத் திசை தெரிந்துகொண்டு பிறகுதான் வேலையைத் தொடங்குவேன். மதுரையில் கோயிலைச் சுற்றி உயரக் கட்ட விடமாட்டார்கள், அதனால் ஊர் முழுக்கக் குனிந்து நிற்க, நான்கு பேர் மட்டும் நிமிர்ந்து நிற்பார்கள். இதை நான் தெய்வானையிடம் ஒத்துக்கொண்டதில்லை, ஊரைக் குனிய வைத்து உயரம் காட்டுகிறீர்கள் என்றுதான் சொன்னேன். தொட்டி, தொட்டி, ஏதோ கொடியில் துணி, அதற்குப் பின்னால். பின்னால் ஒன்று இருக்கிறது. தொட்டி இல்லை, தொட்டிக்குத் தோள் இருக்காது, இதற்குச் சரிவு இருக்கிறது. கண்ணை மூடித் திறந்தேன். இருக்கிறது. வடக்கு. இரண்டாவது. நெஞ்சுக்குள் ஏதோ தட்டியது, சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் திருடன் சந்தோஷம், ஏனென்றால் இரண்டு கிடைத்தால் நான்கும் கிடைக்கும், நான்கும் கிடைத்தால் யாரும் என் கண்ணுக்குள் எதையும் நுழைக்க வேண்டியதில்லை. பயம்தான் இப்படிச் சந்தோஷப்படுகிறது. பயத்துக்குக் கைதட்ட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேன். இடது கண் போனபோது பயமே இல்லை, ஏனென்றால் போனது தெரியவில்லை. தளத்தில் தண்ணீர் ஓடுகிற வாட்டம் பார்க்க நூல் பிடித்துக் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்போம், நான் எப்போதும் மூடுவது இடது கண்ணை, வலதால்தான் நூல் பார்ப்பேன், எத்தனையோ வருஷம் அப்படித்தான். ஒருநாள் உறையூரில் ஒரு மாடியில் சுண்ணாம்புத் தூசி வலது கண்ணில் விழுந்தது, கசக்கிக்கொண்டு அதை மூடினேன், மத்தியானம், உச்சி வெயில், இருட்டாக இருந்தது. மேகம் என்று நினைத்தேன். மழை வரும் போலிருக்கு, சாக்கை எடுத்துப் போர்த்துங்கப்பா என்று ஆட்களுக்குச் சத்தம் கொடுத்தேன். அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். வலியில்லாமல், சொல்லாமல், மூடி வைத்த கண்ணுக்குள்ளேயே அது கிளம்பிப் போயிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள். நரம்பைத் தின்றுவிட்டது என்றார்கள். அப்போது தெய்வானை போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது, வீட்டில் என் முகத்தைப் பார்க்கிற ஆள் இல்லை, இருந்திருந்தால் கறுப்பு விழி மங்குகிறதை அவளாவது பார்த்திருப்பாள்.

இதெல்லாம் இப்போது வேண்டாம். தெற்கு. அதுதான் எல்லாவற்றிலும் உயரம், அதுதான் லேசாகக் கிடைக்க வேண்டும். வலது பக்கம் என் பக்கம், மூக்கு குறுக்கே வராது. பெரிய விளம்பரப் பலகையின் முதுகு, இரும்புச் சட்டங்கள், ஒரு மாடியில் யாரோ நிற்கிறார்களா அல்லது அது துளசி மாடமா, அதற்கு அப்பால் வெளிச்சம் ஒரு மாதிரி மாறுகிறது, அங்கே ஒரு பெரிய உடம்பு இருக்கிறது, கோபுரத்தின் உயரம்தான், ஆனால் நிறம் சரியில்லை, வெயில் பட்டும் பொம்மைகளின் நிறம் எதுவும் எழவில்லை, ஓலை நிறமாக ஒரே பரப்பாக நிற்கிறது. ஓலை. ஆமாம், ஓலை சாத்தியிருக்கிறார்கள். திருப்பணி நடக்கிறது. அப்படி ஒரு தடவை நாங்கள் வந்திருக்கிறோம், கும்பாபிஷேகத்துக்கு முன்னால், அப்போது கயல் வயிற்றில் இருந்தாள், கோபுரங்கள் எல்லாவற்றையும் சாரம் கட்டித் தென்னங்கீற்றால் மூடி வைத்திருந்தார்கள், தெய்வானை நடுத்தெருவில் நின்றுவிட்டாள். உங்கள் ஊரே மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறது என்றேன் நான், வழக்கம்போல் ஒரு அடி திரும்பி வரும் என்று காத்திருந்தேன், அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கீற்று வேய்ந்து மறைத்திருக்கும் காலத்தில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடமாட்டார்களாம், அதன் சக்தியை வேறு இடத்தில் இறக்கி வைத்திருப்பார்களாம், இது வெறும் கட்டடம், இன்னிக்கி மட்டும் ஒங்க மலை ஜெயிச்சுக்கிரட்டும் என்றாள். அப்படி ஜெயித்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்த வருத்தத்துக்கு ஈடாகத்தான் பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது வாயை மூடிக்கொண்டேன், அங்கயற்கண்ணி, மதுரை அம்மனின் பேர், பாலக்கரையில் பிறந்த பிள்ளைக்கு, என் அம்மாவுக்கு அந்தப் பேரே வாயில் நுழையவில்லை. ஓலை சாத்திய கோபுரம். தெற்கு கிடைத்துவிட்டது. மூன்றாவது. இன்னும் கிழக்கு மட்டும்தான், அது எட்டித்தான் பார்க்கும், ஆனால் மூன்று பேர் இருக்கிற இடத்தில் நாலாவது ஆள் எங்கே போய்விடுவார். திருச்சி டாக்டர் கெட்டிக்காரர். இருக்கிற வெளிச்சத்தில் ஓட்டலாம். ஓட்டிக்கொண்டே இருக்கலாம். படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு லாட்ஜ்காரர் மேலே வந்தார், சோணைமுத்து, மத்தியானம் எங்கள் பெட்டியைத் தூக்கி வந்தவர், அறுபதைத் தொட்ட மனிதர், எந்த ஊருங்கய்யா என்று கேட்டு, திருச்சி என்றதும், அங்கன என்னங்கய்யா இருக்கு, பஸ்ஸு மாறுறதுக்குத்தான் எறங்குவோம் என்று சொன்ன ஆள். கொடியில் விரிப்பைப் போட்டுக்கொண்டே, என்னங்கய்யா எங்க ஊர வச்ச கண்ணு எடுக்காமப் பாக்குறீக, வாங்கப் போறீகளா என்றார். நான் யாரையும் கேட்பதில்லை என்றுதான் ஏற்பாடு. ஆனால் நான் கேட்கவில்லை, பெருமைக்காகச் சொன்னேன், மூன்று கிடைத்த பெருமை. தெற்குக் கோபுரத்துக்கு ஓலை சாத்தியிருக்கிறார்கள் போல, எப்போது கும்பாபிஷேகம் என்றேன். அவர் கை நின்றது. விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று என் விரல் போகிற திசையில் பார்த்தார்.

“அது கோபுரம் இல்லங்கய்யா. தெக்கால ஒரு ஓட்டலுக்கு மேல ரெண்டு மாடி எடுத்துச் சாரம் கட்டி, சாக்குத் துணியப் போட்டு மூடி வச்சிருக்காய்ங்க. கோபுரம் அதுக்கு இங்கிட்டு, பளிச்சுன்னு நிக்கிதுங்களே.”

பளிச்சென்று நிற்கிறதாம். அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார், சாயங்கால வெயிலில் எங்களுக்கே சில சமயம் தடுமாறும் என்றார், அது பொய், நல்ல மனிதருடைய பொய், பிறகு தலையணை உறைகளை எடுக்கப் போய்விட்டார். அவர் சொன்ன இடத்தைப் பார்க்கிறேன். ஓட்டலுக்கு இந்தப் பக்கம். வெளிச்சம்தான் இருக்கிறது. பளிச்சென்று நிற்கிற ஒன்றின் மேல்தான் என் கண் போய் உட்கார்ந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியானால் வடக்கு. அந்தத் தோளும் சரிவும். திரும்பிப் பார்க்கிறேன், இருக்கிறது, ஆனால் இப்போது அதை நம்ப முடியவில்லை, துணி காய்கிற கொடிக்குப் பின்னால் எதற்கு வேண்டுமானாலும் தோள் இருக்கலாம், சரிவு இருக்கலாம். மேற்கு? மேற்காவது நிஜமா. அதன் மேல் நிலைகளில் பச்சையும் நீலமுமாகத் துவாரபாலகர்கள் நிற்பதை இப்போதுகூட என்னால் சொல்ல முடியும், ஒருவர் கையை இப்படி உயர்த்தியிருப்பார், இவ்வளவு தூரத்தில், இந்தக் கண்ணுக்கு, பச்சை எங்கிருந்து வந்தது, நீலம் எங்கிருந்து வந்தது. தெய்வானை சொன்னது. சிம்மக்கல் மாடியில் அவள் சொன்னதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண் ஒரு திட்டைக் கொடுத்தது, மிச்சத்தை அவள் பூசிவிட்டாள். இப்படித்தான் அடுத்த வருஷமும் இருக்கும், அதற்கடுத்த வருஷமும், திட்டும் போன பிறகும் நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், எல்லாம் நிறத்தோடு, ஒன்றும் குறையாமல், யாரோ ஒருவர் பக்கத்தில் வந்து அது ஓட்டல் என்று சொல்லும்வரை. மலைக்கோட்டையும் அப்படித்தானா. போன மாதம் வீட்டு மாடியில் நின்று, இருக்கிறது இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேனே, அது பாறையா, பாறை இருக்க வேண்டிய இடமா. சின்ன வயதிலிருந்து இருக்கிற இடத்தில்தான் அது இருக்கும், கண்ணை மூடிக்கொண்டே விரலை நீட்டலாம், அதற்குக் கண் எதற்கு. கோபமாக வருகிறது. சோணைமுத்துவின் மேல் இல்லை, திருச்சி டாக்டர் மேலும் இல்லை, அவர் என் கண்ணுக்காகப் பயந்தார், அது அவர் வேலை. இந்த ஏற்பாட்டின் மேல் கோபம். நான்கு கோபுரத்தைக் காட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே எழுப்பிய இந்தச் சாரத்தின் மேல். இருட்டில் கிடந்துகொண்டு இரண்டு ஊரையும் ஒப்பிட்டால் எந்த ஊர் ஜெயிக்கும் என்று எனக்குத் தெரியும், என் ஊர்தான் ஜெயிக்கும், தினமும் ஜெயிக்கும், எதிர்த்துப் பேச ஆளும் இல்லை, அவளும் இல்லை, கோபுரமும் இல்லை. அந்த மாதிரி ஜெயிப்பு எனக்கு வேண்டாம். நான் நூல் பிடித்துப் பழகினவன், நூலின் இரண்டு முனையிலும் ஆணி இருக்க வேண்டும், ஒரு முனையைக் காற்றில் விட்டுவிட்டு வாட்டம் பார்க்க முடியாது. எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டும். நாளை மறுநாள் கட்டு அவிழ்த்த பிறகு இதே மாடிக்கு ஏறி வந்து, பச்சை எங்கே நீலம் எங்கே, உதிர்ந்த பொம்மை எத்தனை, புறா உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தால் ஒத்துக்கொள்வேன். போய்விட்டால்? போய்விடலாம். அந்த டாக்டரம்மா சத்தியம் செய்யவில்லை, அதனால்தான் அந்தப் பெண்ணை நம்புகிறேன். போய்விட்டால் முழு இருட்டு, கயலின் பதினோராவது மாடியில் ஒரு நாற்காலி, சுவரைத் தடவிக் கக்கூசுக்குப் போக வேண்டும், சோற்றில் எது குழம்பு எது ரசம் என்று அவள் சொல்ல வேண்டும். அதையும் நினைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் அது நானே தெரிந்து கையை நீட்டிக் கொடுத்ததாக இருக்கும். முதல் கண் போன மாதிரி, நான் மூடி வைத்திருக்கும்போது எனக்குத் தெரியாமல் இன்னொன்றும் கிளம்பிப் போகக்கூடாது. அதற்கு மட்டும் விடமாட்டேன்.

வெயில் முதுகிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது, இனி எதிரேயும் இறங்கும். படியில் செருப்புச் சத்தம், கயல், அவள் நடை அவள் அம்மாவின் நடை, குதிகால் முதலில் விழும். போனைக் காதில் வைத்துக்கொண்டே வருகிறாள், ஒரு நிமிஷம் இருங்கம்மா என்று யாரிடமோ சொல்கிறாள். பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டாள், நான் எதுவும் சொல்ல மாட்டேன்ப்பா, நான் சொல்லி ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது, நீங்கதான் சொல்லணும். பக்கத்தில் வந்து நிற்கிறாள், மூச்சு வாங்குகிறது, மூன்று மாடி ஏறியிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலயிருந்துதான் என்றாள் மெதுவாக. எதிரே இருந்த திட்டு மங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தபடியே, காலையில் வருகிறோம் என்று சொல்லச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்ப்பது தெரிந்தது. நிஜமாவாப்பா என்றாள். நிஜமாத்தான், எனக்குத் தெற்குக் கோபுரம் தெரியலை என்றேன். அவளுக்கு அது புரிந்திருக்காது, ஆனால் என் கை சுவரை விட்டு அவள் தோளுக்கு வந்ததும் நிமிர்ந்துகொண்டாள். போனில் பேர் சொன்னாள், வயது சொன்னாள், சர்க்கரை இல்லை என்றாள், சொட்டு மருந்தின் பேரைத் தப்பாகச் சொல்லித் திருத்திக்கொண்டாள், வரும்போது எதுவும் சாப்பிட்டு வரலாமா என்று கேட்டாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“எந்தக் கண்ணுன்னு கேக்குறாங்கப்பா.”

“இருக்கிற கண்ணுன்னு சொல்லு.”